சிசிஐஇ லேப் தேர்வு: தட்டச்சு வேகம்தான் குறையா?

பள்ளத்தூர் | 3 ஜூன் 2024, இரவு 9:40

சிஸ்கோவோட நெட்வொர்க் நிபுணர் சான்றிதழான சிசிஐஇ என்டர்பிரைஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் லேபுக்கு (கைவேலைத் தேர்வு) பெங்களூருல தேதி வாங்கியாச்சு. அதுக்கு முந்தின எழுத்துத் தேர்வு, என்கோர் 350-401, முடிஞ்சது. வீட்டு லேபுல ஒவ்வொரு தலைப்பும் தனித்தனியா வருது, ஆனா மொத்தமா வச்சா 5 மணி நேரத்துக்குள்ள முடியல. டைப்பிங் வேகம்தான் குறைன்னு நினைக்கிறேன். கட்டளை எல்லாத்தையும் கண்ணை மூடிக்கிட்டு அடிக்கிற அளவுக்குப் பழகினா போதும்தானே? இங்கே லேப் முடிச்சவங்க சொல்லுங்க.

கண்டனூர் | 3 ஜூன், இரவு 10:25

போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 மணி நேரத்தில் 400 வரி அடிப்பதாக வைத்துக்கொள்வோம், வரிக்கு 20 எழுத்து. மொத்தம் 8,000 எழுத்து. நிமிஷத்துக்கு 150 எழுத்து அடிக்கும் சாதாரணக் கைக்கே 53 நிமிஷம்தான். வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் 27 நிமிஷம்தான் மிச்சமாகும். மீதி நாலு மணி நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். பிழை தேடுவதிலும், கேள்வியைத் திரும்பத் திரும்பப் படிப்பதிலும்தான் போகிறது.

இந்தத் தேர்வில் கட்டளை அடித்ததற்குப் புள்ளி இல்லை. கேட்ட நிலையில் நெட்வொர்க் நிற்கிறதா என்பதற்குத்தான் புள்ளி. ஒரு கேள்வியில் ஐந்து நிபந்தனை இருந்து நாலு நிறைவேறினால் அந்தக் கேள்விக்கு ஒன்றும் கிடையாது. அரைப் புள்ளி, கால் புள்ளி என்ற பேச்சே இல்லை. ஆகவே சரிபார்க்காமல் விட்ட வேலை, செய்யாத வேலைக்குச் சமம்.

கண்டனூர் | 3 ஜூன், இரவு 10:50

மேலே விட்டுப்போனது. தேர்வு மொத்தம் 8 மணி நேரம். முதல் 3 மணி வடிவமைப்புப் பகுதி, அடுத்த 5 மணி கட்டமைத்து, இயக்கி, மேம்படுத்தும் பகுதி. இரண்டிலும் தனித்தனியே குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும், கூட்டுத்தொகையிலும் தேற வேண்டும். பள்ளத்தூர் தம்பி முதல் 3 மணியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கைவேலையில் கெட்டிக்காரர்கள் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

தேவகோட்டை ரஸ்தா | 4 ஜூன், காலை 7:15

அக்கா, அந்த 5 மணியை எப்படிப் பிரிக்கிறது?

கண்டனூர் | 4 ஜூன், காலை 8:05

300 நிமிஷம். படிக்க 20, கடைசிச் சரிபார்ப்புக்கு 45 என்று முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சம் 235. அதைத் திரையில் காட்டும் மொத்தப் புள்ளியால் வகுத்தால் ஒரு புள்ளிக்கு எத்தனை நிமிஷம் என்று வரும். 3 புள்ளிக் கேள்வி தன் பங்கைத் தாண்டிவிட்டால் எழுந்து அடுத்ததற்குப் போக வேண்டியதுதான். பாதியில் விடும்போது நெட்வொர்க்கை உடைந்த நிலையில் விடக் கூடாது. செய்ததைத் திருப்பிவிட்டுப் போங்கள்.

20 நிமிஷப் படிப்பு என்றால் சும்மா கண்ணோட்டம் இல்லை. நம் ஊர்க் கடைகளில் ஐந்தொகை போடுவார்களே, அதைப்போல வெள்ளைத்தாளில் ஐந்து பத்தி (நெடுவரிசை) கட்டுங்கள்: கேள்வி எண், புள்ளி, எந்தக் கேள்வியைச் சார்ந்தது, செய்தாயிற்று, சரிபார்த்தாயிற்று. கடைசி இரண்டு பத்தியும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரே டிக் போடுகிறவர்கள்தான் "எல்லாம் முடிச்சேன், எப்படித் தோத்தேன்னு தெரியல" என்று வெளியே வருகிறார்கள்.

மூன்றாம் பத்திதான் உயிர். 14ஆம் கேள்வியில் "இந்த இரண்டு ரூட்டர்களுக்கு நடுவே ஸ்டாட்டிக் ரூட் கூடாது" (கையால் எழுதிவைக்கும் வழி) என்று இருக்கும், நீங்கள் 5ஆம் கேள்வியில் அதையே போட்டிருப்பீர்கள். முழுக்கப் படித்தவருக்கு இது முன்னாடியே தெரிந்துவிடும்.

கானாடுகாத்தான் | 4 ஜூன், மதியம் 1:30

வரிசைன்னு பார்த்தா: லேயர் 2 (ஸ்விட்ச் அடுக்கு) முதல்ல. டிரங்க், நேட்டிவ் விலான், ஈதர்சேனல், ஸ்பானிங் ட்ரீ. ஈதர்சேனல்ல ரெண்டு பக்கமும் பாசிவ் வச்சா எல்ஏசிபி (பல இணைப்பை ஒண்ணாக் கட்டுற நெறிமுறை) ஏறவே ஏறாது, ஒரு பக்கமாவது ஆக்டிவ் வேணும். அப்புறம் நெட்வொர்க்குக்குள்ள வழி கண்டுபிடிக்கிற ஓஎஸ்பிஎஃப், இஐஜிஆர்பி. அப்புறம் நெட்வொர்க்குகளுக்கு நடுவே வழி சொல்ற பிஜிபி, லேபிள் வச்சு பாக்கெட்டை அனுப்புற எம்பிஎல்எஸ், கிளைகளை டனல்ல இணைக்கிற டிஎம்விபிஎன். கடைசியா கியூஓஎஸ் (எதுக்கு முன்னுரிமைன்னு சொல்றது), ஏசிஎல் (எதை விடணும், எதைத் தடுக்கணும்ங்கிற பட்டியல்), கண்ட்ரோல் பிளேன் பாதுகாப்பு. ஏசிஎல்லை முதல்லயே போட்டுட்டு அப்புறம் பிஜிபி ஏன் ஏறலைன்னு அரை மணி தேடாதீங்க. பிஜிபி ஓடுற 179ஆம் போர்ட்டை நீங்களே அடைச்சிருப்பீங்க.

கண்டனூர் | 4 ஜூன், இரவு 9:10

கானாடுகாத்தான் அண்ணன் வரிசை சரி. ஓஎஸ்பிஎஃப்பில் நேரம் தின்னும் இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று, நெய்பர் (பக்கத்து ரூட்டருடனான உறவு) எக்ஸ்ஸ்டார்ட் அல்லது எக்ஸ்சேஞ்ச் நிலையில் தொங்கினால் முதல் சந்தேகம் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு). இரண்டு முனையிலும் "ஷோ ஐபி இன்டர்ஃபேஸ்" பார்த்து எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். "ஐபி ஓஎஸ்பிஎஃப் எம்டியு-இக்னோர்" போட்டால் ஏறிவிடும்.

இரண்டு, நெய்பர் ஃபுல் என்று காட்டும், ரூட் மட்டும் வராது. ஒரு முனையின் நெட்வொர்க் வகை பிராட்காஸ்ட், மறுமுனையில் பாயின்ட்-டு-பாயின்ட். இரண்டிலும் ஹலோ 10, டெட் 40 விநாடி என்பதால் உறவு உண்டாகிவிடும், ஆனால் டேட்டாபேஸில் இணைப்பைப் பற்றி இருவரும் சொல்வது ஒத்துப்போகாது. "ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் இன்டர்ஃபேஸ்" இல்லாமல் இதைக் கண்ணால் பிடிக்க முடியாது. நான்-பிராட்காஸ்ட் வகையில் 30/120 என்பதால் அங்கே உறவே வராது, அது நல்லது, உடனே தெரிந்துவிடும்.

கண்டனூர் | 5 ஜூன், காலை 6:30

நேற்று எம்டியு-இக்னோர் என்று எழுதியதைத் திருத்துகிறேன். உறவு ஏறும், அவ்வளவுதான். எம்டியு வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். பெரிய பாக்கெட் சின்ன எம்டியு உள்ள முனையில் விழுந்து தொலையலாம். கேள்வி "எம்டியுவை மாற்றக் கூடாது" என்று சொன்னால் மட்டும் இக்னோர். இல்லையென்றால் எண்ணைச் சரிசெய்வதே முறை.

தேவகோட்டை ரஸ்தா | 5 ஜூன், இரவு 8:45

ரெண்டு பக்கமும் மாறி மாறி ரீடிஸ்ட்ரிபியூஷன் (ஒரு நெறிமுறையோட ரூட்டை இன்னொண்ணுக்குள்ள விடுறது) செய்யுற கேள்விக்கு டேக் (அடையாள எண்) போட்டா போதும்தானே? இஐஜிஆர்பியிலிருந்து வர்றதுக்கு ஒரு டேக், ஓஎஸ்பிஎஃப்பிலிருந்து வர்றதுக்கு ஒரு டேக், எதிர்ப் பக்கம் டினை.

கண்டனூர் | 5 ஜூன், இரவு 9:30

லூப் வராது. பாதை சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

எல்லையில் இரண்டு ரூட்டர்கள், ஆர்1, ஆர்2. இஐஜிஆர்பிக்குள் வெளியிலிருந்து வந்த ஒரு ரூட் இருக்கிறது, அதன் நம்பகத் தூரம் 170. ஆர்1 அதை ஓஎஸ்பிஎஃப்புக்குள் தள்ளுகிறது. ஆர்2 இப்போது அதே ரூட்டை ஓஎஸ்பிஎஃப் வழியாக 110இல் கேட்கிறது. 110 சின்னது, ஆகவே பக்கத்தில் இருக்கும் இஐஜிஆர்பி வழியை விட்டுவிட்டு ஓஎஸ்பிஎஃப் முழுக்கச் சுற்றிக்கொண்டு ஆர்1 வழியாகப் போகும். பிங் போகும். டிரேஸ்ரூட் போட்டால்தான் சுற்று தெரியும். இஐஜிஆர்பியின் உள் ரூட்களுக்கு 90 என்பதால் இந்தத் தொல்லை இல்லை, அதனால்தான் வீட்டு லேபில் யாருக்கும் கண்ணில் படுவதில்லை.

மருந்து: இரண்டு எல்லை ரூட்டரிலும் "டிஸ்டன்ஸ் ஓஎஸ்பிஎஃப் எக்ஸ்டர்னல் 171". அல்லது அந்த டேக்கைப் பார்த்து ஓஎஸ்பிஎஃப்பில் உள்வரும் டிஸ்ட்ரிபியூட்-லிஸ்ட். கேள்வி எதைத் தடை செய்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கூடவே மூன்று சில்லறை, ஆனால் கேள்வியையே விழுங்கக்கூடியவை. ரூட்-மேப்பில் டினை எழுதிவிட்டுக் கடைசி பெர்மிட்டை மறந்தால் எல்லாமே நின்றுவிடும். ஓஎஸ்பிஎஃப்பை இஐஜிஆர்பிக்குள் விடும்போது மெட்ரிக்கின் ஐந்து எண்ணும் தராவிட்டால் ஒரு ரூட்டும் நுழையாது. பழைய ஐஓஎஸ்ஸில் (சிஸ்கோ ரூட்டரின் இயக்க மென்பொருள்) ஓஎஸ்பிஎஃப்புக்குள் விடும்போது "சப்நெட்ஸ்" என்ற சொல் விட்டுப்போனால் வகுப்பு முறை நெட்வொர்க் மட்டும்தான் போகும்.

கானாடுகாத்தான் | 6 ஜூன், மதியம் 12:10

அந்த 171ஐ லேபுல வச்சுப் பார்த்தேன், சரியா உட்காருது. டேக் வடிகட்டியையும் கூடவே வைக்கணும், அதை எடுத்துடாதீங்க.

பள்ளத்தூர் | 8 ஜூன், இரவு 10:00

எஸ்டி-வானுக்கு (கிளை நெட்வொர்க்குகளை மென்பொருள் வழியா நிர்வகிக்கிறது) எவ்வளவு நேரம் வைக்கிறது? வீட்டுல கண்ட்ரோல் கனெக்ஷன் ஏறவே மாட்டேங்குது.

கண்டனூர் | 8 ஜூன், இரவு 10:40

பாடத்திட்டத்தில் மென்பொருள்வழிக் கட்டமைப்புக்கு 25 சதவீதம். நெட்வொர்க் அடிப்படைக்கு 30. டிரான்ஸ்போர்ட், பாதுகாப்பும் சேவைகளும், ஆட்டோமேஷன் மூன்றுக்கும் 15 வீதம். பழைய ரூட்டிங்-ஸ்விட்சிங் காலத்து நினைப்பில் பிஜிபியிலேயே மூழ்குகிறவர்கள் இந்த 25ஐயும் ஆட்டோமேஷன் 15ஐயும் சேர்த்து 40 சதவீதத்தைத் தெருவில் விடுகிறார்கள்.

கண்ட்ரோல் கனெக்ஷன் ஏறாவிட்டால் இந்த வரிசையில் பாருங்கள்: கடிகாரம் (நேரம் தப்பினால் சான்றிதழ் செல்லாது), நிறுவனப் பெயர் (எழுத்துக்கு எழுத்து, இடைவெளி உட்பட ஒன்றாக இருக்க வேண்டும்), விபாண்ட் (சாதனங்களை முதலில் சேர்த்துக்கொள்ளும் சர்வர்) முகவரிக்கு விபிஎன் 0 வழியாக ரூட், மூலச் சான்றிதழ் (root certificate), பிறகு விமேனேஜில் (நிர்வாக மென்பொருள்) அந்தச் சாதனத்தின் எண் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா. "ஷோ எஸ்டிவான் கண்ட்ரோல் கனெக்ஷன்-ஹிஸ்டரி" பிழைக் குறியைச் சொல்லும். டிகான்ஃபெயில் என்றால் டிடிஎல்எஸ் (மறையாக்கிய) இணைப்பே போகவில்லை, முதலில் வழியையும் 12346ஆம் போர்ட் நடுவில் அடைபட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். சிஆர்டி என்று தொடங்கினால் சான்றிதழ் பக்கம் போங்கள்.

விமேனேஜ் டெம்ப்ளேட்டில் இணைத்த சாதனத்தைக் கட்டளை வரியில் மாற்றப் பார்க்காதீர்கள், விடாது. மாற்றம் டெம்ப்ளேட்டில்தான்.

கண்டனூர் | 9 ஜூன், காலை 7:00

டிஎம்விபிஎன் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் போட்டுவைக்கிறேன். மூன்றாம் நிலையில் (phase 3) ஹப்பில் (மைய ரூட்டர்) "ஐபி என்ஹெச்ஆர்பி ரீடைரக்ட்", ஸ்போக்கில் (கிளை ரூட்டர்) "ஐபி என்ஹெச்ஆர்பி ஷார்ட்கட்". இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் எல்லாம் வேலை செய்வதுபோலவே இருக்கும், ஸ்போக்கிலிருந்து ஸ்போக்குக்கு நேர்வழி மட்டும் வராது. முதல் பாக்கெட் ஹப் வழியாகப் போவது இயல்பு, ஆகவே டிரேஸ்ரூட்டை இரண்டு தடவை போட்டு இரண்டாவதைப் பாருங்கள். டனலில் ஐபி எம்டியு 1400, டிசிபி எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் போகும் டிசிபி தரவின் உச்ச அளவு) 1360. அந்த 40 வித்தியாசம் ஐபி தலைப்பகுதி (header) 20, டிசிபி தலைப்பகுதி 20 பைட்.

தேவகோட்டை ரஸ்தா | 9 ஜூன், மாலை 6:20

ஆட்டோமேஷன்ல எனக்குத் தெரிஞ்சது: ரெஸ்ட்கான்ஃப் (வலை வழியா சாதனத்தை அமைக்கிற முறை) கோரிக்கை அனுப்பினா 401 வந்தா பயனர் பெயர் கடவுச்சொல், 404 வந்தா பாதை தப்பு. இருக்கிறதை மாத்துற பேட்ச் போட்டு 204 வந்தா வெற்றிதான், பதிலோட உடம்பு காலியா இருக்கேன்னு பயப்படாதீங்க. புதுசா உண்டாக்குற போஸ்ட்டுக்கு 201. நெட்கான்ஃப் (அதே மாதிரி இன்னொரு முறை) 830ஆம் போர்ட். பைத்தான்ல டேபும் ஸ்பேஸும் கலந்தா ஓடாது.

இஇஎம் ஆப்லெட்ல (ரூட்டருக்குள்ளேயே தானா ஓடுற சின்ன நிரல்) ஒரு பொறி இருக்கு. ஆக்ஷன் எண்ணை எழுத்து வரிசையில அடுக்கும். 1, 2, 10னு போட்டா 10 ரெண்டுக்கு முன்னாடி ஓடிடும். 010, 020, 100னு மூணு இலக்கமா எழுதிப் பழகுங்க. முதல் கட்டளை "எனேபிள்" இருக்கணும்.

கண்டனூர் | 9 ஜூன், இரவு 9:00

இஇஎம் எண் வரிசையை எழுதியதற்கு நன்றி தம்பி. இதைத் தெரியாமல் ஒரு மணி நேரம் தொலைக்க முடியும்.

பள்ளத்தூர் | 12 ஜூன், இரவு 9:15

லேபுக்கு 64 ஜிபி நினைவகம் போதுமா? பழைய வீடு, முகப்புல ரவுட்டர், இரண்டாம் கட்டுல சர்வர். வைஃபை அங்கே வரவே இல்லை. கரண்ட்டும் ஒரு தொல்லை.

கானாடுகாத்தான் | 13 ஜூன், காலை 6:50

கணக்கு: ஐஓஎஸ்வி (மெய்நிகர் ரூட்டர்) 12, தலைக்கு 512 எம்பி, 6 ஜிபி. லேயர் 2 ஸ்விட்ச் 4, தலைக்கு 1 ஜிபி. சிஎஸ்ஆர் 1000வி (இன்னொரு மெய்நிகர் ரூட்டர்) 4, தலைக்கு 4 ஜிபி, 16. விமேனேஜ் 16. எஸ்டி-வான் கண்ட்ரோலர் விஸ்மார்ட் 4, விபாண்ட் 2. மொத்தம் 48. அடியில ஓடுற லினக்ஸுக்கு 8 விட்டா 56. 64 போதும். விமேனேஜை எஸ்எஸ்டியில வைங்க, அதுக்கு 100 ஜிபி ரெண்டாவது டிஸ்க்கும் வேணும். டிஎன்ஏ சென்டரை (சிஸ்கோவோட நெட்வொர்க் நிர்வாக மென்பொருள்) வீட்டுல ஓட்ட நினைக்காதீங்க, மெய்நிகர் வடிவத்துக்கே 256 ஜிபி நினைவகம் கேட்கும். சிஸ்கோ டெவ்நெட் சாண்ட்பாக்ஸ் இலவசம், அதுல பழகுங்க.

வைஃபை: நம்ம வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் கனத்துக்கு எந்த ரவுட்டரும் நிக்காது. கேட் 6 கேபிள் இழுங்க. மெருகு பூசின சுவத்துலயும் தேக்கு நிலையிலயும் துளை போடாதீங்க, அந்தப் பூச்சை மறுபடி யாரும் அதே மாதிரி பூச மாட்டாங்க. உத்தரத்தை ஒட்டி கிளிப் வச்சு கொண்டுபோகலாம். தெருவுக்குத் தெரு நீளுற வீடா இருந்தா அளந்து பாருங்க, கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. முற்றத்தைத் திறந்தவெளியில தாண்டுற இடத்துக்கு ஃபைபரும் ரெண்டு மீடியா கன்வெர்ட்டரும் போடுங்க. ஐப்பசி இடிக்குச் செம்புக் கம்பி ரெண்டு பக்கச் சாதனத்தையும் சேர்த்து எரிச்சுடும்.

கண்டனூர் | 13 ஜூன், காலை 8:30

மின்சாரத்துக்கு: சர்வர் 180 வாட், மானிட்டர் 30, மொத்தம் 210. 12 வோல்ட் 150 ஏஹெச் பேட்டரி ஏட்டுக் கணக்கில் 1,800 வாட்-மணி. இன்வெர்ட்டர் இழப்பும் பேட்டரியை முழுக்க வடிக்க முடியாததும் கழித்தால் 4 மணி நேரம், புதுசாக இருந்தால் 5. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்வாரியம் காலை 9 முதல் மாலை 5 வரை நிறுத்தும் நாளுக்கு இது எட்டாது. அன்று சர்வரை முறையாக அணைத்துவிட்டு வடிவமைப்புப் பகுதிக்குப் படியுங்கள். திடீரென்று அணைந்தால் விமேனேஜின் டேட்டாபேஸ் கெட்டு, மறுபடி முதலிலிருந்து நிறுவ வேண்டி வரும். இன்வெர்ட்டரில் யுபிஎஸ் நிலை இருந்தால் அதில் வையுங்கள். சாதாரண நிலையில் மாறும் இடைவெளியிலேயே சர்வர் மறுபடி துவங்கிவிடலாம்.

கண்டனூர் | 16 ஜூன், இரவு 8:00

வடிவமைப்பு 3 மணி, சொன்னபடி. இதில் ரூட்டரைத் தொட முடியாது. மின்னஞ்சல்கள், வரைபடங்கள், தேவைப் பட்டியல்கள்தான். பதில் கொடுத்து அடுத்ததற்குப் போனால் திரும்பி வர முடியாது.

ஒவ்வொரு ஆவணத்திலிருந்தும் "கட்டாயம்", "கூடாது", "இருப்பதை வைத்தே" என்ற மூன்று வகைச் சொற்களை மட்டும் தாளில் எடுத்துவையுங்கள். நடுவில் வரும் புது மின்னஞ்சல் பழைய தேவையை மாற்றலாம், அப்போது தாளில் அடித்துத் திருத்துங்கள். இரண்டு பதில் தொழில்நுட்ப ரீதியாகச் சரியாக இருக்கும், ஒன்று மட்டும் அந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் நிற்கும். உங்களுக்குப் பிடித்த தீர்வு எது என்பது இங்கே செல்லாது.

தேவகோட்டை ரஸ்தா | 17 ஜூன், இரவு 10:30

போன மாசம் வந்த கேள்விகள் விலைக்குக் கிடைக்குதுன்னு ஒரு குழுவுல சொல்றாங்க.

கண்டனூர் | 17 ஜூன், இரவு 10:45

வேண்டாம். தேர்வுக்கு உட்காரும்போது உள்ளடக்கத்தை வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொள்கிறோம். பிடிபட்டால் சான்றிதழ் போகும். பிடிபடாவிட்டாலும் மனப்பாடம் செய்தவர் வேலையில் முதல் கோளாறிலேயே நிற்பார். இந்த இழையில் அந்தப் பேச்சு வர வேண்டாம்.

கானாடுகாத்தான் | 19 ஜூன், காலை 7:20

பயணம். திருச்சி போயி மைசூர் எக்ஸ்பிரஸ் பிடிச்சா விடியக்காலை பெங்களூரு. ஆனா இறங்கின அன்னைக்கே தேர்வு வைக்காதீங்க, ஒரு நாள் முன்னாடி போங்க. தங்குறது தேர்வு மையத்துக்கு நடந்து போற தூரத்துல. அந்த ஊர் நெரிசலை நம்பி காலை நேரத்தை வைக்க முடியாது. அடையாள அட்டைப் பெயரும் பதிவுப் பெயரும் ஒண்ணா இருக்கணும். நம்ம பக்கம் இனிஷியல் பாஸ்போர்ட்ல விரிஞ்சு நிக்கும், பதிவுல ஒத்தை எழுத்தா நிக்கும், அதை இப்பவே சரி பண்ணுங்க.

பள்ளத்தூர் | 30 ஜூன், இரவு 11:10

அக்கா சொன்ன மாதிரி 300 நிமிஷ மாதிரித் தேர்வு ஒண்ணு வச்சு, ஒவ்வொரு நிமிஷத்தையும் குறிச்சேன். படிக்க 11. தட்டச்சு 56. பிழை தேட 128. ஆவணம் தேட 47. சரிபார்க்க 14. மிச்சம் 44 எதுல போச்சுன்னே குறிப்பு இல்லை. தட்டச்சு குறை இல்லைன்னு ஒத்துக்கிறேன்.

கண்டனூர் | 1 ஜூலை, காலை 6:15

128 பிழை தேடலில் பாதி, சரிபார்ப்பு 14ஆக இருந்ததால் வந்தது. லேயர் 2 முடிந்ததும் பார்த்திருந்தால் 2 நிமிஷத்தில் தெரியும் தவறு, பிஜிபி வரை ஏறிப்போன பிறகு 30 நிமிஷம் கேட்கிறது. ஒவ்வொரு அடுக்கு முடிந்ததும் 4 நிமிஷம்: "ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் ப்ரீஃப்", நெய்பர் பட்டியல், டிசிஎல் ஷெல்லில் (ரூட்டருக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் வசதி) ஃபோர்ஈச் போட்டு எல்லா லூப்பேக்குக்கும் பிங். சரியாக இருந்தால் ரன்னிங் கான்ஃபிகை (இப்போது ஓடும் அமைப்பு) ஃபிளாஷில் "நிலை1", "நிலை2" என்று சேமித்துவிடுங்கள். உடைந்தால் "கான்ஃபிகர் ரீப்ளேஸ்" அந்த நிலைக்கே திருப்பிவிடும், ரீலோட் வேண்டாம்.

47 ஆவணம் தேடல்: கட்டளைப் பக்கங்களுக்குத் தேடுபெட்டி இல்லாமல், பொருள் வரிசையில் இறங்கிப் போய்ப் பழகுங்கள். 15 தலைப்பு, ஒவ்வொன்றும் 90 விநாடிக்குள். மல்டிகாஸ்ட், கியூஓஎஸ், ஐபிவி6 முதல் ஹாப் பாதுகாப்பு மூன்றும் கட்டாயம். மறப்பது இவைதான்.

கணக்கில் வராத 44 என்பது எந்த ரூட்டரில் இருக்கிறோம் என்று தடுமாறும் நேரம். ஜன்னல்களை எப்போதும் ஒரே வரிசையில் வையுங்கள்: கோர் இடது, கிளை வலது. ஒரு ஜன்னலில் ஒரு சாதனம்தான்.

கண்டனூர் | 1 ஜூலை, காலை 6:40

4 ஜூன் அன்று சரிபார்ப்புக்கு 45 என்று எழுதினேன். இவர் தாளைப் பார்த்த பிறகு மாற்றுகிறேன். அடுக்குக்கு அடுக்கு 4 நிமிஷம் வீதம் ஐந்து அடுக்குக்கு 20, கடைசியில் 30, மொத்தம் 50. படிப்பு 20. வேலைக்கு 230. அடுத்த மாதிரித் தேர்வை இதன்படி வைத்து, எண்ணை இங்கேயே போடுங்கள்.